சென்னையின் எஃப்.சி.

சென்னையின் எஃப்.சி., இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் சென்னை நகரின் சார்பில் ஆடும் தொழில்முறை அணி. 2014 ஆகஸ்டு 28இல் தொடங்கப்பட்டது. 2015, 2017–18 ஆகிய இரு பருவங்களில் கோப்பையை வென்றது. 2019–20இல் இறுதி ஆட்டத்தில் தோற்றது. சீருடை நீலம். விசிறிகள் வைத்த செல்லப் பெயர் ‘மெரினா மச்சான்ஸ்’. பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் இதன் சொந்தத் திடல்.  

தோற்றம்

2014 ஏப்ரலில் சூப்பர் லீகின் எட்டு அணிகள் அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் சென்னை இல்லை. பெங்களூரு அணிக்கான உரிமத்தைச் சன் குழுமம் பெற்றிருந்தது. அக்குழுமம் விலகிக்கொண்டதால் ஓரிடம் காலியாயிற்று. அந்த இடத்துக்குச் சென்னை வந்தது. நடிகர் அபிஷேக் பச்சனும் தொழிலதிபர் வீட்டா டானியும் உரிமையாளர்கள். கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியும் பங்குதாரரானார். தொடர் தொடங்க ஏழு வாரத்துக்கும் குறைவாகவே இருந்த நிலையில் அணி திரட்டப்பட்டது.

நகருக்குக் கால்பந்து புதிதன்று. வடசென்னையின் வியாசர்பாடி பல தலைமுறை ஆட்டக்காரர்களைத் தந்த பகுதி. இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை சென்று ஆடியது. ஆயினும் ஒரு நகரமே ‘நம்ம டீம்’ என்று சொல்லிக்கொள்ளும் கால்பந்து அணி அதுவரை சென்னைக்கு அமைந்திருக்கவில்லை.

முதல் பருவம், 2014

ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இத்தாலியின் மார்கோ மாத்தராட்சி ஒப்பந்தமானார். 2006 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலியின் கோலை அடித்தவர் இவர். அதே ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிதான் தலையால் மார்பில் முட்டியதும் இவரைத்தான். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அப்பருவத்தின் தங்கக் காலணி விருதைப் பெற்றார். லீக் சுற்றில் 23 புள்ளிகளுடன் அணி முதலிடம் பிடித்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0–3 எனத் தோற்றுத் திரும்பியவர்கள், சென்னையில் மூன்று கோலையும் திருப்பி அடித்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தார்கள். அது முடிய மூன்று நிமிடம் இருக்கையில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோல் கேரளாவை இறுதிக்கு அனுப்பியது.

2015 பருவம்

அணியின் வரலாற்றில் அதிகம் எழுதப்பட்டது இந்தப் பருவமே.

முதல் பத்து ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒரு சமன், ஆறு தோல்வி. புள்ளிகள் 10. புள்ளிப் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணிக்கு எஞ்சியவை நான்கு ஆட்டங்கள். நான்கிலும் வென்று, 22 புள்ளிகளுடன் மூன்றாமிடம் பெற்று, அரையிறுதிக்குள் நுழைந்தது. இந்த எழுச்சிக்கு மாத்தராட்சி ஆட்ட முறையை மாற்றியதே காரணம் என்பார் உண்டு. ஒரே ஒருவரின் கால்களே காரணம் என்பாரும் உண்டு. அந்த ஒருவர் கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா. முதல் பருவத்தில் நான்கு கோல் அடித்துவிட்டுப் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்புக்குப் போனவர், அங்கிருந்து கடனாகத் திரும்பி வந்திருந்தார். உயரம் குறைவு, வேகம் அதிகம். இடப்பக்கத்தில் பந்தைப் பெற்று உள்நோக்கி வெட்டி ஓடத் தொடங்கினால் எதிரணித் தற்காப்பு வீரர்கள் பின்னோக்கியே ஓட வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 13 கோல்கள். தங்கக் காலணியும் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தன. முன்களத்தில் அவருக்குத் துணை மிசோரமின் ஜெஜெ லால்பெக்லுவா. நெடுங்காலம் இந்த அணியின் முகமாக இருந்த ஜெஜெ, 2023இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினரானார்.

அணி எழுந்துகொண்டிருந்த அதே வாரங்களில் நகரம் மூழ்கிக்கொண்டிருந்தது. நவம்பர் முழுதும் விடாது பெய்த மழை டிசம்பர் 1 அன்று உச்சம் தொட்டது. நகருக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளும் நீருக்குள் போயின. விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. திறப்பு முன்கூட்டியே, சிறுகச் சிறுக நடந்திருக்க வேண்டுமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை இந்த வெள்ளத்தை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்றது. விதிகளின்படியே நீர் திறக்கப்பட்டதாக அரசுத் தரப்பு சொல்லிவந்தது.

அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. நகரம் இருந்த நிலையில் அதற்கு வழியில்லை. ஆட்டம் புனேவின் பாலேவாடி அரங்கத்துக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12 அன்று, சொந்த ஊரின் கூச்சல் எதுவும் இல்லாத அயல் திடலில், நடப்புச் சாம்பியனான அட்லெட்டிகோ டி கொல்கத்தாவைச் சென்னை அணி 3–0 என்று வென்றது. புருனோ பெலிசாரி, ஜெஜெ, மெண்டோசா ஆளுக்கு ஒரு கோல் அடித்தனர். நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கத்தில் 1–2 எனத் தோற்றாலும், இரு ஆட்டக் கூட்டலில் 4–2 என்ற கணக்கில் இறுதிக்குத் தேறியது. அங்கே சென்னையின் ஒரே கோலை அடித்தவர் எத்தியோப்பியாவின் ஃபிக்ரு தெஃபெரா. சூப்பர் லீக் வரலாற்றின் முதல் கோலை, முந்தைய ஆண்டு அதே திடலில், அதே கொல்கத்தா அணிக்காக அடித்தவரும் அவரே.

டிசம்பர் 20இல் இறுதி ஆட்டம். இடம் மட்காவின் ஃபத்தோர்தா அரங்கம். எதிரணி அந்த ஊரின் எஃப்.சி. கோவா. 54ஆவது நிமிடத்தில் பெலிசாரி எடுத்த பெனால்டியைக் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே வலைக்குள் தள்ளினார். நான்கு நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். அடுத்துக் கிடைத்த இன்னொரு பெனால்டியை மெண்டோசா எடுக்க, அதையும் கட்டிமணி தடுத்தார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த ஃப்ரீ கிக் கோலானது. கோவா 2, சென்னை 1. அரங்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டது.

90ஆவது நிமிடத்தில் கோல் முன்னே எழுந்த ஒரு பந்தைப் பிடிக்கப்போன கட்டிமணியின் கையில் பட்டு அது கோவாவின் வலைக்குள்ளேயே போயிற்று. இரண்டு பெனால்டிகளைத் தடுத்தவரின் பெயரில் ஒரு சுய கோல் பதிவானது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசா பந்தைக் கோலின் மூலைக்கு அனுப்பினார். 3–2. தொடரில் அவருடைய 13ஆவது கோல் அதுதான்.

ஆட்டம் முடிந்தபின் திடலில் எழுந்த தகராறில், கோவா அணியின் இணை உரிமையாளர் ஒருவர் அளித்த புகாரின்பேரில் எலானோ கைதாகிப் பிணையில் விடுவிக்கப்பட்டார். என்ன நடந்தது என்பதை இரு தரப்பும் வெவ்வேறாகவே கூறின.

வெள்ளம் வடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நகரத்துக்குக் கோப்பை வந்தது. வீடு முழுக்கச் சேறான வேளையிலும் அந்த இறுதி ஆட்டத்தை எங்கே, யாருடைய தொலைக்காட்சியில் பார்த்தோம் என்பதைச் சொல்லிக்கொள்ளும் விசிறிகள் உண்டு. அணியின் பிற்கால வெற்றிகளுக்கு ஆட்டத்தரம் கூடுதலாக இருந்திருக்கலாம். இந்த நெருக்கம் அவற்றுக்கு வாய்க்கவில்லை.

2016 முதல் 2020 வரை

2016இல் ஏழாமிடம், மாத்தராட்சி விலகினார்.

2017–18இல் ஆஸ்டன் வில்லாவின் முன்னாள் மேலாளர் ஜான் கிரகரி பொறுப்பேற்றார். லீக் சுற்றில் 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 3–0 என வீழ்த்தியது. ஜெஜெ இரண்டு, வியாசர்பாடிக்காரரான நடுக்கள வீரர் தனபால் கணேஷ் ஒன்று. தன் ஊர்த் திடலில் கணேஷ் அந்தக் கோலைத் தலையால் முட்டி அடித்தார். 2018 மார்ச் 17இல் பெங்களூரு கண்டீரவா அரங்கத்தில் இறுதி. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்தார். பிரேசிலின் மைல்சன் ஆல்வஸ், சக வீரர் கிரகரி நெல்சன் உதைத்த இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டி இரண்டு கோல் அடித்தார்; ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3–2 என்று இரண்டாவது கோப்பை. மைல்சன், அகஸ்டோ, ஜெஜெ மூவரும் 2015 அணியிலும் இருந்தவர்கள்.

அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம். அதே 2018–19இல் கோயம்புத்தூரைத் திடலாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது தமிழகக் கால்பந்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. அதற்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. சென்னையின் எஃப்.சி. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையில் முதன்முறையாக ஆடியதும், சூப்பர் கோப்பை இறுதியில் கோவாவிடம் 1–2 எனத் தோற்றதும் அவ்வாண்டில்தான்.

2019–20 தொடக்கத்திலும் தடுமாற்றம். கிரகரி விலக, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் வந்தார். கீழே இருந்த அணி நான்காமிடம் ஏறியது. அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6–5 என்ற கணக்கில் தாண்டியது. லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். கொரோனா அச்சத்தால் 2020 மார்ச் 14 இறுதி ஆட்டம் பார்வையாளர் இன்றி நடந்தது, கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3–1 என்று வென்றது.

2020–2024

அடுத்த இரு பருவங்கள் முழுதும் கோவாவிலேயே, பூட்டிய அரங்குகளில் நடந்தன. மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாமிடம். இடையே சென்னையைச் சேர்ந்த முன்னாள் முன்கள வீரர் சையத் சாபிர் பாஷா சிறிது காலம் தற்காலிகப் பயிற்சியாளராக இருந்தார். 2023இல் காயில் திரும்பினார்; அணி ஆறாமிடத்துடன் பிளே-ஆஃப் வரை போய், கோவாவிடம் தோற்றது.

2024–25 பருவம்

செப்டம்பரில் புவனேஸ்வரில் ஒடிசாவை 3–2 என வென்று தொடங்கியது. ஃபாருக் சவுத்ரி இரண்டு கோல் அடித்தார். நவம்பரில் ஜாம்ஷெட்பூர் சென்று 5–1 என்று வென்றது. பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை 3–0 என வீழ்த்தியது. மார்ச்சில் சென்னையில் மறுபடியும் ஜாம்ஷெட்பூரை 5–2 என்று வென்று பருவத்தை முடித்தது. இந்த நான்கை மட்டும் பார்ப்பவர் அணி முதல் ஆறுக்குள் வந்திருக்கும் என்றே எண்ணுவார். முழுக் கணக்கு வேறு: 24 ஆட்டங்களில் 7 வெற்றி, 6 சமன், 11 தோல்வி, 27 புள்ளிகள், 13 அணிகளில் 11ஆம் இடம். பிளே-ஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்த மும்பை 36 புள்ளிகள் பெற்றிருந்தது. இரு ஆட்டங்களில் பத்து கோல் வாங்கிய ஜாம்ஷெட்பூர் ஐந்தாமிடம் பெற்றது.

கொலம்பியாவின் வில்மர் ஜோர்டான் கில் அணியில் அதிகக் கோல் அடித்தார். ஸ்காட்லாந்தின் கானர் ஷீல்ட்ஸ் வாய்ப்புகளை உருவாக்கித் தந்தார். முன்களம் கோல் அடிக்கத் தெரிந்ததாகவே இருந்தது. குறை பின்னால்: அடித்த கோலைக் காத்துக்கொள்ளும் உறுதி பருவம் முழுதும் வரவில்லை. ஏப்ரலில் சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே மும்பையிடம் 0–4 எனத் தோற்றது. காயில் விலகினார்.

2025–26 பருவம்

2010இல் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தொடரை நடத்திய நிறுவனமும் செய்துகொண்ட 15 ஆண்டு உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பில் முடிவு எட்டாததால் 2025 ஜூலையில் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் பணிகளை நிறுத்திவைத்தது. அம்மாதமே கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்டு மிராண்டா தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். இப்பொறுப்பில் நிரந்தரமாக அமர்ந்த முதல் இந்தியர் அவர். 2023இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தவர்.

அவரது முதல் தேர்வு எளிதாக அமையவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 0–2, ஈஸ்ட் பெங்காலிடம் 0–4 எனத் தோல்வி, டெம்போவுடன் 1–1. ஆயத்தக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமே. எனினும் பின்களத்தின் பழைய குறை அப்படியே தெரிந்தது.

2026 பிப்ரவரி 14 முதல் 14 அணிகளுடன் சுருக்கமான தொடர் நடக்கும் என்று அவ்வாண்டு ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு அணிக்கும் 13 ஆட்டங்கள். கீழிருந்து எழுந்து வந்த 2015, 2019–20 பருவங்களில் அணிக்குத் தடுமாறி நிதானிக்கப் பாதிப் பருவம் கிடைத்திருந்தது. இந்த அளவுத் தொடரில் முதல் ஐந்து ஆட்டங்களைக் கோட்டைவிட்டால் மீள்வது அரிது. ஆகவே மிராண்டாவின் முதல் வேலை, கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடிக்கப் பின்கள வீரர்களைப் பழக்குவதாக இருக்க வேண்டியிருந்தது.