கல்லறைக்குப் போன பல்லாவரம்

பூமியின் அடியாழத்தில் அழுத்தம் கல்லை என்ன செய்கிறது என்பதை இந்த வாரம் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஜாப் சார்னாக் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆள் அப்படி. கிழக்கிந்தியக் கம்பெனியின் முரட்டு ஏஜென்ட். வங்காளத்தில் முகலாயரோடு மோதி, வகையாக வாங்கிக் கட்டிக்கொண்டு மதராஸுக்கு ஓடி வந்தவர். 1689-ல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மூன்று மகள்களுக்கும் ஞானஸ்நானம். 1690 ஆகஸ்ட் 24-ல் மறுபடி வங்காளத்து சுதாநுதியில் போய் இறங்கினார். சிதையேற இருந்த இளம் விதவையைத் தூக்கிவந்து குடித்தனம் நடத்தினார், அவள் இறந்தபின் ஆண்டுதோறும் அவள் சமாதியில் சேவல் பலியிட்டார் என்றெல்லாம் எழுதிவைத்தார் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர். ருசியான கதை; நான் நம்பவில்லை. கல்கத்தாவை நிறுவியவர் என்ற பட்டத்தையும் 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பறித்துவிட்டது.

1693 ஜனவரியில் இறந்தார். கல்லறைக் கல் போனது நம் பக்கத்திலிருந்து. 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துக் கல் என்று கண்டார். கண்டவர், ‘சார்னோக்கைட்’ என்று பெயரும் வைத்துவிட்டார்! செத்தும் கொடுத்தார் சீதக்காதி. சார்னாக்கோ செத்தும் பறித்துக்கொண்டார். 7-ஆம் நூற்றாண்டிலேயே பல்லாவரம் குன்றில் குகைக் கோயில் குடைந்த நம் காஞ்சி மகேந்திரவர்மன் ஹாலண்டின் கண்ணில் படவில்லை.

இந்தக் கல்லில் புதிதாக உடைத்த சில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருநீலம், எண்ணெய் தடவியதுபோல் மினுக்கு. குவார்ட்ஸ்கூட நீலச் சாம்பல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20, 30 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும், நம் காற்றழுத்தத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு அழுத்தத்திலும் வெந்தது. சாயம் தோய்த்த பட்டுக் கழியை முறுக்கிப் பிழிவதுபோல, கறுப்பு அபிரகம் போன்ற கனிமங்களுக்குள் இருந்த நீர் வெளியேறியது. நீரில்லாத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் பிறந்தது. மேலே கிடந்த பாறை காலப்போக்கில் அரித்துப் போனதால்தான் குன்றாக நம் கண்ணில் படுகிறது.

660 கி.மீ.க்குக் கீழே அணுக்களே நெருங்கி அடுக்கு மாறி, பிரிட்ஜ்மனைட் என்ற கனிமம் ஆகும் கதை அடுத்த வாரம். அதற்குள் பரங்கிமலைப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பாறையைப் பார்த்துவிடுங்கள். அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம், உளி வைக்காதீர்கள்.