அயலார் வகுத்த முதல் உருசிய இலக்கணம்

ஒரு மொழியின் இலக்கணத்தை அம்மொழியினரே முதலில் வகுப்பர் என்பது பொதுவான எண்ணம். உருசியமொழியின் வரலாறு இதற்கு மாறானது. ஜேர்மானியரான ஹைன்றிஹ் வில்ஹெல்ம் லுடோல்ப் உருசியா சென்று மீண்டபின், 1696இல் ஒக்ஸ்போர்ட்டில் இலத்தீனில் வெளியிட்ட நூலே அச்சேறிய முதல் உருசிய இலக்கணமாகும். அந்நாட்டுக் கற்றோர் போற்றியது திருச்சபைச் சிலாவியத்தையே. ஸ்மொத்ரித்ஸ்கி 1619இல் வகுத்த இலக்கணமும் அதற்குரியதே. பேசுவது உருசியம், எழுதுவது சிலாவியம் என்னும் பிளவை லுடோல்ப் தெளிவாகக் கண்டார். இத்தகைய இரட்டை வழக்கு தமிழர்க்குப் புதிதன்று. எனினும், புதிதாகக் கற்கும் அயலானுக்கு வேண்டியது கடைவீதியிற் செல்லுபடியாகும் மொழியன்றோ! ஆகவே அன்றாட உரையாடல்களை இலத்தீன், ஜேர்மன் மொழிபெயர்ப்புகளுடன் அவர் நூலிற் சேர்த்தார். கற்றோர் புறக்கணித்த பேச்சு இவ்வாறே இலக்கணத் தகுதி பெற்றது. லொமொனோசொவ் உருசியமொழியிலேயே இயற்றிய இலக்கணம் அச்சேறியது 1757இல். அதாவது 61 ஆண்டுகளின் பின்னரே.