ஒரு காதம், ஒரு பகல்: வில்லியனூர் – பாகூர் நடைவழி பற்றிய ஆய்வு

1. பொருளும் கேள்வியும்

புதுச்சேரி வட்டாரத்துக் கிராமப்புறம் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகப் பிரிந்து கிடக்கிறது. வில்லியனூரில் விடியலில் புறப்பட்டுப் பாகூரில் இரவு தங்கும் இருவரின் ஒருநாள் நடையே இங்கு ஆய்வுப் பொருள். இருவர் என்றது இக்கட்டுரையாளரையும் அவருடைய பள்ளித் தோழரையும்.

இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு காதம். ஏழரை நாழிகை நடை ஒரு காதம் என்பது பழைய கணக்கு. நாழிகைக்கு 24 நிமிடம் வைத்தால் 3 மணி நேரம். வண்டியில் போகிறவர் இதைக் கேட்டாலே சிரிப்பார். ஆனால் நடக்கிறவர்களுக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. மிச்ச நேரம் எங்கே போகிறது? வெயில், கால்வலி என்று சொல்லிவிடலாம், அவை சிறுபங்கே. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதும், வழியில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. எல்லை

1749இல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில், 1752இல், பாகூரில் ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுப் படை தோற்றது. இப்படிக் கொடுத்தும் பறித்தும் திருப்பித் தந்தும் வந்ததில் மிஞ்சியது திட்டுத் திட்டான நிலம். இன்றும் பாதையைக் கொஞ்சம் வளைத்தால் தமிழ்நாடு குறுக்கே வந்துவிடும். பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. தாரின் நிறம் மாறும், சாராயக்கடை முளைக்கும்.

மங்கலத்துப் பக்கம் போகிறவர்கள் கீழூர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் அங்கே கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நாடு கைமாறிய இடம் இவ்வளவு சின்ன ஊரா என்று தோழர் வியந்தார். எட்டுப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

3. நீர்

நடையின் முதுகெலும்பு சாலை அன்று, நீர்தான். திருக்காமீசுவரர் கோயில் தேரடியில் தொடங்கித் தெற்கே இறங்கினால் முதலில் சங்கராபரணி. செஞ்சிப் பக்கத்திலிருந்து வருவதால் செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். திருக்காஞ்சிக் கரையில் மாசிமகத்தன்று காலூன்ற இடம் இருக்காது. மற்ற நாளில் துணி அலசுகிறவர்களும் தர்ப்பணம் செய்கிறவர்களும் மட்டும். ஆற்றைக் கடந்தபின் ஏரி, வாய்க்கால், மறுபடி ஏரி.

இந்த வரிசையின் கடைசியில் பாகூர் ஏரி. புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது இதுதான். மழையை மட்டும் நம்பியிராமல், தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகவும் தண்ணீர் பெறுகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் சொத்தைக் கரைத்து வெட்டுவித்த வாய்க்கால்கள் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். கல்வெட்டுச் சான்று கேட்டு அந்தக் கதையை மறுப்பவர்கள், அந்த இரண்டு பெயர்களும் ஏன் இன்றுவரை அழியவில்லை என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் நடப்பது தனி அனுபவம். ஒரு பக்கம் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். மறுபக்கம் இன்னும் தாழ்வாக ஆயக்கட்டு. தை மாதம், அறுப்பு நடக்கிற வேளை. மதகுக் கல்லில் பாசி காய்ந்து பச்சைத் தோல்போல உரிந்திருந்தது. கலங்கலில் நீர் வழிவது நின்று சில நாட்கள்தான் ஆகியிருக்க வேண்டும். பள்ளத்தில் தேங்கியதில் கெண்டைக் குஞ்சுகள் அடைபட்டுக் கிடந்தன. தோழர் குந்தி உட்கார்ந்துவிட்டார். அங்கே கரைந்தது அரை மணி நேரம்.

குடிநீர் வேறு கதை. ஏரித்தண்ணீரை இப்போது யாரும் குடிப்பதில்லை, போர்செட்தான். மேற்கே தண்ணீர் இனிக்கிறது. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போகச் சில இடங்களில் கரிக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் இழுக்க இழுக்க உப்புநீர் உள்ளே ஏறுவதன் விளைவு அது. ஆகவே இனிக்கிற இடத்தில் பாட்டிலை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு மோட்டார் ஓடுகிற வேளை பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

4. இருவர்

பாதையின் அகலமே பேச்சைத் தீர்மானிக்கிறது. தார்ச்சாலையில் இருவரும் அருகருகே நடந்தோம், பேச்சு ஓயவில்லை. கரையிலும் வரப்பிலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் போகிறவர் சொல்வது காற்றில் போகும், பின்னால் வருகிறவர் “என்னப்பா?” என்பார், பிறகு இருவரும் விட்டுவிடுவார்கள். நட்பில் பேசாமல் இருக்கும் நேரம் மனநிலையால் வருவது என்று நினைத்திருந்தேன். பாதிக்குமேல் வரப்பால் வருகிறது.

இணைநடைக்கு நம் காலத்தின் பெரிய சான்று சதீஷ் குமாரும் ஈ. பி. மேனனும். 1962இல் டெல்லியில் புறப்பட்டு, அணு ஆயுதத்துக்கு எதிராக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரை போனார்கள். கையில் காசு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வினோபா சொல்லியனுப்பினார். காசில்லாதவன் அந்தி சாயுமுன் யாரையாவது கேட்டாக வேண்டும். கேட்டால் பேச்சு வளரும். எங்களிடம் காசு இருந்தது. அப்படியும் பேச்சு எங்களைத் தேடி வந்தது.

“எந்தக் கோயிலுக்கு சாமி?”

“கோயிலுக்கு இல்லீங்க. சும்மா பாகூர் வரைக்கும்.”

“சும்மாவா? அதான் பஸ் போவுதே!”

இதே உரையாடல் ஊருக்கு ஊர் நடந்தது. முதுகில் பையோடு நடப்பவனுக்கு இங்கே ஒரே விளக்கம் வேண்டுதல்தான். இல்லை என்றால் விசாரணை நீளும், டீ வரும், பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்பதுவரை போகும்.

5. சோறு

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் ஒரு நடைவழியைச் சொல்கிறது. அது நடக்கும் ஓய்மாநாடு இங்கிருந்து வடக்கே அதிக தூரமில்லை. பாணர் எங்கே என்ன சாப்பிடலாம் என்பதை அதைப் பாடிய நத்தத்தனார் ஊர்வாரியாக வைக்கிறார்: எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன், வேலூரில் எயினரின் புளிச்சோறு, ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். நிலம் மாறினால் சோறு மாறும் என்ற அந்த ஒழுங்கு எங்கள் வழியில் இல்லை. எல்லா ஊரிலும் பரோட்டா. கரிக்கலாம்பாக்கத்தில் சுண்டைக்காய் வற்றல் குழம்போடு ஒரு சாப்பாடு கிடைத்ததைத் தவிர இப்பகுதியில் பதியத் தக்கது எதுவுமில்லை.

6. இராத்தங்கல்

பாகூர் வெளியூர்க்காரருக்குச் சோறிட்ட ஊர். பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. கல்லூரி போய்விட்டது. மூலநாதர் கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. இரவில் மண்டபத்தில் படுக்க முடியாது.

கூடாரம் கொண்டுபோயிருந்தோம். அடிப்பதற்குத்தான் இடமில்லை. இங்கே வெற்று நிலம் என்று ஒன்று கிடையாது. வயல், கரும்பு, சவுக்குத் தோப்பு, எல்லாவற்றுக்கும் உடையவர் உண்டு. கரைமேல் படுக்கலாம் என்றால், அறுப்புக் காலத்தில் வயலை விட்டு வெளியேறும் எலியும் அதன் பின்னால் வரும் பாம்பும் மேட்டைத்தான் நாடும். ஒரு விவசாயி அழைத்தார். “டெண்ட்டெல்லாம் வேணாம், பூச்சி நடமாட்டம் இருக்கு. மோட்டார் கொட்டாய்ல படுத்துக்குங்க.”

அதற்குமுன் மூன்று கேள்வி கேட்டார்: எந்த ஊர், அங்கே எந்தத் தெரு, போன் நம்பர் என்ன. இரண்டாவது கேள்வி எதற்கென்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். பழைய சத்திரங்களிலும் பந்தி பிரித்தே போட்டார்கள். தோழர் தெருப் பெயரைச் சொல்லாமல் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். சிறிது நேரம் யோசித்துவிட்டு விவசாயி சாவியை எடுத்தார்.

இக்கணக்கு முழுதும் இரண்டு ஆண்களுடையது. இரண்டு பெண்கள் வந்து நின்றிருந்தால் அவர் மோட்டார் கொட்டகையைக் காட்டியிருக்க மாட்டார். வீட்டுக்குள் மனைவியிடம் அனுப்பியிருப்பார், அல்லது கடைசிப் பேருந்தில் ஏற்றிவிட்டிருப்பார்.