மாத்தளைக் காட்டோரத்து நொச்சி

நொச்சி, ஆற்றோரத்திலும் காட்டு விளிம்பிலும் தானாகச் செழிக்கும் மணமுள்ள பெரும்புதர். இடம் வாய்த்தால் சிறுமரமாகவும் நிமிரும். தாவரவியலார் இதனை வைடெக்ஸ் நெகுண்டோ என்பர். சிங்களத்தில் நிக, வடமொழியில் நிர்குண்டி. இளங்கிளை நாற்கோணமாக இருக்கும். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரியும். மேற்புறம் பச்சை, அடிப்புறம் மென்மயிர் படர்ந்த சாம்பல் வெண்மை. நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்தாகத் தோன்றும். மணத்துக்கு இலையைத்தான் கசக்க வேண்டும்; மூக்கில் ஏறும் அந்தக் காரநெடி இலையிலுள்ள எண்ணெயால் வருவது.

பழந்தமிழர் மதில் காக்கும் போருக்கு இந்தப் பூவைச் சூடினர். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வகுக்கிறது.

மாத்தளை மாவட்டத்தின் இடைவலயமும், தம்புள்ளையைச் சூழ்ந்த உலர்வலயமும் நொச்சிக்கு ஏற்ற நிலம். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர் மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம் அந்த வழியை நினைவுகூர்ந்தது. புதிய நாட்டின் காட்டில் அன்று வந்தவர்களுக்குப் பெயர் தெரியாத செடிகள் எத்தனையோ. நொச்சி மட்டும் சொந்த ஊர் வேலியில் நின்ற செடி. அதன் வைத்தியத்தை இங்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அவ்வைத்தியத்தில் முதலிடம் வேதுக்கு. சளி, தலைப்பாரம், நீர்க்கோவை கண்டால் ஒரு கைப்பிடி இலையை, கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து, வாயகன்ற பானையில் கொதிக்க வைப்பர். இறக்கி வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு, முகம் வியர்க்கும்வரை ஆவி பிடிப்பர். பிள்ளை பெற்றவளின் குளியல் நீரிலும் இலை சேரும். வதக்கிய இலை மூட்டுவீக்கத்துக்கு ஒத்தடம். காய்ந்த இலை தலையணைக்குள்ளும் நெற்பத்தாயத்திலும் இடம்பிடிக்கும். மாலையில் மூட்டமிட்டால் கொசு விலகும். வளையும் கொம்புகள் கூடை முடைய உதவும். ஆடுமாடு அவ்வளவாகக் கடிக்காததால் வேலிக்கும் தோது.

ஒத்தடத்துக்கு ஆய்வின் துணையும் ஓரளவு உண்டு. முதிர்ந்த பச்சையிலையின் நீர்ச்சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் தணித்ததாக இலங்கை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. நாள்பட்ட மூட்டுவலிக்கு மருத்துவரைப் பார்ப்பதே முறை. வேதுப்பானையின் கொதிநீர் குழந்தைகளைச் சுட்டுவிடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

நொச்சியை வளர்ப்பது எளிது. முற்றிய கொம்பை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். லயத்து வேலியோரத்திலும் பள்ளிக்கூட வளவிலும் ஆளுக்கொரு கொம்பு நடலாம்.