சார்ஜர்: தட்டு, குதிரை, கார்

காரும் சார்ஜரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய கால் நாட்டுக் கெல்டிக் மக்கள் பொதிவண்டியைச் சொன்ன சொல்லை ரோமர்கள் எடுத்து ‘காருஸ்’ ஆக்கிக்கொண்டார்கள். அதன் வழியில் வந்தது ‘கார்’. வண்டியில் சுமை ஏற்றுவதைச் சொல்லப் பிற்கால லத்தீனில் ‘காரிக்காரே’ என்றொரு வினை பிறந்தது. அது பிரெஞ்சில் உருமாறி ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ ஆயிற்று. கப்பலில் ஏறும் ‘கார்கோ’வும் அந்தக் குடும்பம்தான்.

சுமை ஏற்று என்ற ஒரு பொருளை வைத்துக்கொண்டு இந்தச் சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது! காசு கேட்டால் சார்ஜ், பதவி ஏற்றால் சார்ஜ், போலீஸ் வழக்குப் போட்டால் சார்ஜ் ஷீட். நமக்கும் இது அந்நியமான வழியில்லை. குற்றத்தை நாமும் சுமத்தத்தான் செய்கிறோம். பாரம் தாங்குவதைச் சொல்லும் ‘பொறு’விலிருந்துதான் ‘பொறுப்பு’ம் வந்தது. துப்பாக்கிக் குழலில் மருந்து அடைப்பதும் சார்ஜ். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் லைடன் ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்தபோது இந்தப் பீரங்கிப் பேச்சையே எடுத்துக்கொண்டார். பீரங்கி வரிசைக்கு வழங்கிய ‘பாட்டரி’யை ஜாடி வரிசைக்குப் பெயராக வைத்தவரும் அவரே.

‘சார்ஜர்’ முதலில் தட்டு. இறைச்சியை ஏற்றிப் பந்திக்குக் கொண்டுவரும் பெரிய தாலம். 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானனின் தலையைக் கேட்டது ஒரு ‘சார்ஜரில்’ வைத்துத்தான். படை அதிகாரி ஏறிப் பாயும் குதிரைக்கு அந்தப் பெயர் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. பாய்ந்து தாக்குவதும் சார்ஜ் அல்லவா? நம்மூர் லத்தி சார்ஜ் அந்தக் கிளை.

அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் கார் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தபோது குதிரைப் பேச்சு சூடாக இருந்த நேரம். 1964இல் ஃபோர்டு ‘முஸ்டாங்’ என்ற காட்டுக்குதிரையை இறக்கி விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது. டாட்ஜின் போர்க்குதிரை 1966ஆம் ஆண்டு மாடலாக வந்தது. கொரோனெட் என்ற குடும்பக் காரின் அடித்தளம், அதன்மேல் பின்னுக்குச் சரிந்து இறங்கும் கூரை. முகப்பு விளக்குகள் மோட்டாரால் சுழன்று கிரில்லுக்குள் ஒளிந்துகொள்ளும். உள்ளே நான்கு தனித்தனி இருக்கைகள். புதுமைக்குக் குறைவில்லை, ஆனால் பெயரில் இருந்த பாய்ச்சல் உடம்பில் இல்லை என்பேன். முதல் ஆண்டில் 37 ஆயிரத்துச் சொச்சம் விற்றது, அடுத்த ஆண்டு 16 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

1968 மறுவடிவமைப்பில்தான் காருக்கும் பெயருக்கும் பொருத்தம் கூடியது. ரிச்சர்ட் சையஸ் வரைந்த உடல் அது. நடுவில் ஒடுங்கிச் சக்கரங்களுக்கு மேல் புடைக்கும். கோக் பாட்டில் வடிவம் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். கதவில் இரண்டு பொய்க் காற்றுப் பள்ளங்கள், பின்னால் இரட்டை வட்ட விளக்குகள். எனக்குப் பிடித்தது இடது பின்பக்கத்தில் மூடி மறைக்காமல் பளபளவென்று வைத்த பெட்ரோல் மூடி. ஓட்டப்பந்தயக் காரிலிருந்து திருகி எடுத்து வந்ததுபோல் இருக்கும். ஆர்/டி என்ற வகையில் 7.2 லிட்டர் வி8, 375 குதிரைத்திறன். அந்த ஆண்டு சார்ஜர் மொத்தம் 96 ஆயிரத்துக்கு மேல் போயிற்று. ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீனின் முஸ்டாங் துரத்தும் கறுப்புக் கார் இதுதான். அதிலிருந்து கழன்று ஓடும் சக்கர மூடிகளை எண்ணினால் நான்கைத் தாண்டும்!

அழகு காற்றுக்கு உதவவில்லை. உள்வாங்கிய கிரில்லும் குழிந்த பின்கண்ணாடியும் நாஸ்கார் பந்தயத்தில் வேகத்தைக் குடித்தன. அதைச் சரிக்கட்ட 1969இல் கூர்மூக்கும், டிக்கிக்கு மேல் உயர்ந்து நிற்கும் இறக்கையும் வைத்து ‘சார்ஜர் டேடோனா’ பிறந்தது. 1970 மார்ச்சில் டல்லடேகா தடத்தில் பட்டி பேக்கர் அதை மணிக்கு 200 மைலுக்கு மேல் ஓட்டினார். மூடிய பந்தயத் தடத்தில் அந்த வேகம் அதுவே முதல்.

பிறகு காப்பீட்டுக் கட்டணமும் எண்ணெய் விலையும் ஏற, பெயர் இறங்கியது. 1975இல் சொகுசுக் காராகக் கொழுத்து 1978இல் நின்றது. 1982இல் முன்சக்கரம் இழுக்கும் நான்கு சிலிண்டர் சிறுவண்டியில் அதே பெயரை ஒட்டினார்கள். 2006இல் நான்கு கதவுகளோடு வந்தபோது ரசிகர்கள் துரோகம் என்றார்கள். எனக்கு அதில் குறையில்லை. வி8 இருந்தது, பின்சக்கரம் தள்ளியது. 2015இல் ‘ஹெல்கேட்’ வகை 707 குதிரைத்திறனைத் தொட்டது. துரோகம் என்றால் 1982தான். நான்கு கதவு வரிசை 2023 கடைசியில் முடிந்தது.

2024இல் இரண்டு கதவுகளோடு வந்த புது சார்ஜர் டேடோனா மின்சாரத்தில் ஓடுவது. பிராங்க்ளின் பக்கத்துப் பொருள் அப்போதுதான் காரில் ஏறியது. உச்ச வகையான ஸ்கேட் பேக்கில் 670 குதிரைத்திறன். உறுமல் இல்லையே என்று பின்பக்கம் ஒலிபெருக்கியும் ஒலியறையும் வைத்து, அதற்கு ‘ஃப்ராட்ஸானிக்’ என்று பெயரிட்டார்கள். டாட்ஜின் பழைய முக்கோணச் சின்னமான ‘ஃப்ராட்ஸாக்’கிலிருந்து எடுத்தது அது. ஃப்ராட்ஸாக்குக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது; வடிவமைப்பாளர் ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், நிலைத்துவிட்டது.

மின்சாரம் வேண்டாதவர்களுக்காக அதே உடலில் பெட்ரோல் எஞ்சினும் வந்திருக்கிறது. அதன் பெயர் ‘சிக்ஸ்பேக்’. 1969இல் அந்தச் சொல்லுக்கு வி8இன் தலையில் உட்கார்ந்த மூன்று இரட்டைக்குழல் கார்புரேட்டர்கள் என்று பொருள். இன்று கார்புரேட்டரும் இல்லை, வி8உம் இல்லை. ஆறு என்பது ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்கள், கூடவே இரண்டு டர்போ. உயர்ந்த வகையில் 550 குதிரைத்திறன், பழைய ஸ்கேட் பேக்கின் 6.4 லிட்டர் வி8 தந்த 485ஐவிட அதிகம். இருந்தாலும் வி8 எங்கே என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.