காஜி வேலையும் கடல் வழியும்

இப்ன் பதூதா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு நாடோடி. பள்ளிப் பாடநூல்களிலோ அவர் இரண்டே வரிகளில் முகமது பின் துக்ளக்கின் விபரீதங்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டு மறைந்துவிடுவார். 1304இல் தாஞ்சியரில் பிறந்து, இருபத்தொரு வயதில் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அலைந்தவரைப் பற்றி அப்படி ஒரு சித்திரம் உருவானதில் வியப்பில்லை. ஆனால் அவர் இந்தியாவிலும் மாலத்தீவிலும் கழித்த ஆண்டுகளை அவருடைய நூலை வைத்துக்கொண்டே நிதானமாகப் பின்தொடர்ந்தால் வேறொரு மனிதர் தென்படுகிறார்: அயல்நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், விடை கிடைத்தபோதெல்லாம் பக்கத்து நாடுகளைப் பார்த்துவரக் கிளம்பியவர். அவருக்கு வழிச்செலவு கொடுத்தது வேலை. வழியை அடைத்து நின்றதும் அதே வேலைதான்.

1333இல் சிந்து நதியைக் கடந்தபோது அவர் எதிர்கொண்ட ஏற்பாடு நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. சுல்தான் வெளிநாட்டாரை விரும்பிப் பதவியில் வைத்தார். ஆனால் வருபவர் நிரந்தரமாகத் தங்க வந்தவர் என்று உறுதி கூற வேண்டும். பதூதா அதற்கு எழுத்து மூலமே ஒப்புதல் கொடுத்தார். சுல்தானுக்குக் காணிக்கை வாங்கப் பணமில்லாத புதியவர்களுக்குக் கடன் கொடுத்து அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்த வணிகர்கள் சிந்து நாட்டில் இருந்தார்கள். பதவி கிடைத்ததும் கடனை அடைக்க வேண்டும். அவருக்கு டெல்லியின் காஜி பதவி கிடைத்தது, ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியம். கடனோ 55,000 தினாராக ஏறியிருந்தது. நாட்டு மொழி தெரியாத நீதிபதிக்கு இரண்டு துணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள்; பெரும்பாலான வேலையை அவர்களே பார்த்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

சுல்தானின் சினத்துக்கு ஆளான ஒரு ஷெய்க்கைச் சந்தித்ததற்காக அவர் சில நாள் காவலில் வைக்கப்பட்டார். ஷெய்க் கொல்லப்பட்டார், இவர் பிழைத்தார். பிறகு வேலையைத் துறந்து, ஒரு துறவியின் குகையில் ஐந்து மாதம் இருந்தார். சுல்தான் அவரை மறுபடி அழைத்துச் சீனத்துக்குத் தூது போகச் சொன்னபோது அவர் தயங்காததற்கு, பயண ஆசையைவிட டெல்லியிலிருந்து வெளியேறும் ஆசையே காரணமாயிருக்கலாம். கோழிக்கோட்டில் புயல் அந்தத் தூதுக்குழுவையே சிதைத்துவிட்டது. பரிசுப் பொருள்களை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகளும் அடிமைகளும் இருந்த கப்பல் அவரைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டது. வெறுங்கையோடு டெல்லிக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1343இல் மாலத்தீவுக்குக் கப்பல் ஏறியபோது அவர் மனத்தில் இருந்தது ஒரு பயணத் திட்டம் மட்டுமே: தீவுகளைப் பார்த்துவிட்டு மாபார், அதாவது நம் சோழமண்டலக் கரை, பிறகு இலங்கை, வங்காளம், கடைசியாகச் சீனம். தாம் யார் என்பதை அவர் அங்கே முதலில் சொல்லிக்கொள்ளவில்லை. தீவுகளுக்குச் சட்டம் படித்த காஜி தேவைப்பட்டார். தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் டெல்லியில் அவரைக் கண்டிருந்தவர்கள் வந்து சேர்ந்ததும் விஷயம் வெளியாகிவிட்டது. அரசி கதீஜாவின் ஆட்சியில் உண்மையான அதிகாரம் அவருடைய கணவரும் வசீருமான ஜமாலுத்தீன் கையில் இருந்தது. புறப்பட அனுமதி கேட்டபோது, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்ற பேச்சு எழுந்தது. அவர் தங்கினார், காஜியானார், மேலிடத்துக் குடும்பங்களில் பெண் எடுத்து நான்கு மனைவியருக்குக் கணவரானார்.

மாலத்தீவைப் பற்றி அவர் சொல்லியிருப்பதுதான் அவருடைய நூலின் மிகச் சிறந்த பகுதி என்று நாம் கருதுகிறோம். சோழி அங்கே நாணயம். நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தினார், மலிந்தால் பன்னிரண்டு லட்சம் வரை போகும். வங்காளத்தார் அரிசி கொடுத்து அதை வாங்கிப்போனார்கள். தென்னை நாரைத் திரித்த கயிற்றால் கப்பல் பலகைகளைத் தைத்தார்கள்; இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் சற்று வளைந்துகொடுக்கும் என்று அவர் விளக்குகிறார். இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் நீதிபதியாக நடந்துகொண்டதைப் படிக்கும்போது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. வெள்ளித் தொழுகைக்கு வராதவர்களை அடிக்கச் செய்தார். திருடன் ஒருவனின் கையை வெட்ட ஆணையிட்டபோது அவையில் இருந்த தீவுவாசிகள் சிலர் மயங்கி விழுந்தார்களாம்; இதை அவர் ஒருவித வியப்போடுதான் சொல்கிறார். மேலாடை அணியாத பெண்களைத் திருத்த முயன்று தோற்றதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்நாட்டுப் பெண்கள் தீவை விட்டு எங்கும் போவதில்லை என்ற குறிப்பும் அவருடையதே. வருகிற மாலுமிகள் மணம் செய்துகொள்வார்கள், கப்பல் கிளம்பும்போது மணவிலக்கு அளித்துவிட்டுப் போவார்கள். கப்பலுக்குக் கப்பல் வரும் மனிதர்களுக்கு இது வசதியான வழக்கம். அவர் அதைப் புகழ்ந்து சொல்கிறார். பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்கவில்லை. வசீருக்கும் அவருக்கும் பகை முற்றி, 1344 ஆகஸ்டில் அவர் தீவுகளை விட்டு நீங்கியபோது தம் மனைவியரை விலக்கிவிட்டே போனார். ஒருத்தி அப்போது கருவுற்றிருந்தாள்.

மாபாருக்குப் புறப்பட்ட கப்பல் திசை மாறி இலங்கைக் கரைக்கு வந்தது. தூண்போல எழுந்த புகை மாதிரி மலை தெரிந்தது என்கிறார். அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட கரை. கப்பல்களைக் கொள்ளையிடும் மன்னர் என்று மாலுமிகள் அஞ்சினார்கள். புயலோ பின்னால் துரத்துகிறது. பதூதா தனியே இறங்கி, தாம் மாபார் சுல்தானின் சகலை என்று அறிவித்துக்கொண்டார். அது பொய்யல்ல, மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள் ஒருத்தியை அவர் டெல்லியில் மணந்திருந்தார், இன்னொரு மகள் அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் தமகானியின் மனைவி. புத்தளம் என்று பொதுவாக அடையாளம் காணப்படும் ஊரில், பாரசீகம் அறிந்த அந்தத் தமிழ் மன்னர் முத்துகளைக் காட்டி, என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதம் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் விருந்தினர்.

யாருடைய வேலையாகவும் இல்லாமல், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாமல் இந்த ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட பயணம் இதுவே. ஆயினும் மன்னர் ஒரு பல்லக்கைக் கொடுத்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்கள் உடன் போனார்கள். அவர் திரும்பும்வரை கப்பல் தலைவர் காத்திருக்கச் சம்மதித்தார். அட்டை கடித்தால் மேலே பிழிய எலுமிச்சை எடுத்துச் சென்றார்கள். பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறினார்கள். பத்தாவது சங்கிலியில் ஏறுபவர் கீழே பார்த்து அஞ்சிக் கலிமா சொல்லுவதால் அதற்கே அந்தப் பெயர். சிவனொளிபாதம், பாவாதமலை, புத்தரின் பாதம் என்று மூன்று மதத்தார் உரிமை கொண்டாடும் சுவடு பதினொரு சாண் நீளம் என்று குறித்திருக்கிறார். இறங்கி, இன்று தெவிநுவர எனப்படும் தேவேந்திரமுனையில், இரவில் விளக்குபோல் ஒளிரும் மாணிக்கக் கண்களுடைய பொன் சிலையைப் பற்றிக் கேட்டறிந்து, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார். கப்பல் அங்கேயே நின்றது.

சோழமண்டலக் கரையில் கப்பல் சேதமடைந்தபோது, தெப்பத்தில் இடம் போதவில்லை. அவருடன் இருந்த இரண்டு அடிமைப் பெண்களில் ஒருத்தி, தனக்கு நீந்தத் தெரியும் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். பதூதா இரவைக் கப்பலிலேயே கழித்தார். இவளுடைய பெயர் நூலில் இல்லை.

மதுரைச் சுல்தானகம் குறித்து நேரில் கண்டவர் எழுதியது என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இவருடைய பக்கங்களே; கங்காதேவியின் மதுராவிஜயம் எதிர்த்தரப்பின் காவியம். சகலையான தமகானி பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு, வேறெந்த மன்னரும் செய்யாத இழிசெயல் என்று அவர் கண்டிக்கிறார். அதே சுல்தானிடம் மாலத்தீவின் மீது படையெடுக்கும் யோசனையைச் சொன்னவரும் அவர்தான். தம்மை விலக்கியவர்கள் மீது படை அனுப்பச் சொல்லும் முன்னாள் ஊழியரை வரலாற்றில் அரிதாகவே காண்கிறோம். மூன்று மாதம் கழித்தே கப்பல் போக முடியும் என்றார்கள். அதற்குள் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நலமாயிருக்கிறாள் என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்கினார். அவள் மறுநாளே இறந்தாள். சுல்தானும் இறந்தார். படையெடுப்பு நடக்கவில்லை.

காய்ச்சலோடு அவர் கொல்லம் சென்றார். அங்கிருந்து வடக்கே போகும் வழியில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, இலங்கை மன்னர் தந்த மணிகள், உடை, கல்லறைகளிலிருந்து படியெடுத்த குறிப்புகள் எல்லாவற்றையும் பறித்தன. கால்சட்டை மட்டும் மிஞ்சியது. 1355இல் ஃபெஸ் நகரில் அவர் நினைவிலிருந்து சொல்ல, இப்ன் ஜுஸய் எழுதி முடித்த நூலில் பெயர்களும் நாள்களும் ஆங்காங்கே குழம்பியிருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

கோழிக்கோட்டில் அவருக்குச் செய்தி கிடைத்தது: ஜமாலுத்தீன் இறந்துவிட்டார், விலக்கிவந்த மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மகனை அழைத்துப் போகலாம் என்று மாலத்தீவுக்கு மறுபடி கப்பல் ஏறினார். பிள்ளைக்கு இரண்டு வயது. தாய் வசீரிடம் முறையிட்டாள். தந்தை அழைத்துப்போவதைத் தாம் தடுக்க முடியாது என்றார் வசீர். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவன் அங்கேயே இருப்பது நல்லது என்று பதூதாவுக்குத் தோன்றியது. ஐந்து நாள் தங்கினார். வங்காளத்துக்கு நாற்பத்து மூன்று இரவுகள் கடற்பயணம். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவர் கப்பல் ஏறினார்.