சடுகுடு

கபடிக்குத் தமிழர் வழங்கிய பழைய பெயர். பாடிப் போகிறவர் மூச்சு விடாமல் சொல்லும் ஒலியே ஆட்டத்துக்குப் பெயராயிற்று. வங்காளத்தின் ‘ஹாடுடு’, மராட்டியத்தின் ‘ஹுதுதூ’ இரண்டும் அப்படிப் பிறந்தவைதாம். ‘கைப்பிடி’யே கபடி ஆனது என்பார்கள், கேட்க இனிக்கிறது, சான்று போதாது.

தேயிலைத் தோட்ட வேலைக்காகச் சமவெளியிலிருந்து வால்பாறைக்கு வந்தவர்களோடு இந்தச் சொல்லும் மலையேறியது. நடுக்கோட்டைத் தாண்டியவருக்குப் பாட்டு அறுந்தால் அவுட், மூச்சுதான் கடிகாரம். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடி காட்சி ஆட்டம், 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டி. இப்போது ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. மண்தரை போய் மேட் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் வேறாக ஒலித்த பாட்டு, விதிப்படி ‘கபடி’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.